காசியில் காலை எட்டரைக்குள்

காசிக்குப் படப்பிடிப்புக்குக் கிளம்பும் யூனிட், திரைக்கதையைத் தொடுவதற்கு முன் ஷெட்யூலைத் திருத்தியாக வேண்டும். நம் பக்கத்து வழக்கப்படி ஆறு மணிக்கு வண்டி, ஏழு மணிக்கு டிபன், எட்டு மணிக்கு முதல் ஷாட் என்று போட்டால், டிராலி போட்டு முடிப்பதற்குள் ஊர் கைவிட்டுப் போயிருக்கும்.

காரணம் நதி. கங்கை காசியைத் தொடும் இடத்தில் வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் வருடா வருடம் வெள்ளம் ஏறி இறங்கும் வெறும் மணல்தான். மறைக்க ஒரு கட்டடம்கூட இல்லாததால், எழுகிற சூரியன் எண்பத்துச் சொச்சம் படித்துறைகளின் முகத்திலும் ஒரே நேரத்தில் விழுகிறது. குளிர்காலத்தில் அது ஆறே முக்கால் வாக்கில் தொடங்கும். எட்டரைக்குள் அதன் மஞ்சள் போய்விடும். ஆக, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. இருட்டிலேயே கேமராவும் லென்ஸும் படித்துறைக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு யூனிட் நான்கு மணிக்கு எழுந்தாக வேண்டும். ஒன்றரை கால்ஷீட் கணக்கு வரும். புரொடக்ஷன் மேனேஜர் முகம் சுளிப்பார். அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவது நல்லது.

மதியத்தை நம்பி எதையும் வைக்கக் கூடாது. கட்டடங்கள் எல்லாம் மேற்கே நிற்பதால், இரண்டரை மூன்று மணிக்கெல்லாம் அவற்றின் நிழல் படிகள்மேல் இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் நதியும் மணல்கரையும் இன்னும் பளிச்சென்று வெயிலில் இருக்கும். படியில் உட்கார்ந்திருக்கும் நடிகருக்கு எக்ஸ்போஷர் வைத்தால் நதி வெளுத்துப்போகும்; நதிக்கு வைத்தால் முகம் கருத்துப்போகும். மூன்று நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) வித்தியாசம் வரும். வெளிச்சத்தைத் திருப்பிவிடும் தெர்மகோல் பலகையைப் பிடித்து இதைச் சரிக்கட்ட முடியாது. கேமராவை ஊர்ப்பக்கம் திருப்புங்கள், அல்லது சந்துக்குள் போங்கள். டிசம்பரில் சென்னையைவிட அங்கே பகல் ஏறக்குறைய 50 நிமிடம் குறைவு என்பதையும் ஷெட்யூல் போடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஐந்தே காலுக்குள் சூரியன் போயே போய்விடும்.

காசி வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சத்தைப் புரிந்துகொள்ள ‘அபராஜிதோ’வைத்தான் பார்க்க வேண்டும். 1956இல் சத்யஜித் ராய் எடுத்தது. மறுவருடம் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. படித்துறைக் காட்சிகள் அசல் காசியில் எடுக்கப்பட்டவை. ஆனால் அபுவின் குடும்பம் குடியிருக்கும் அந்த முற்றத்து வீடு, கல்கத்தா ஸ்டூடியோவில் பன்ஸி சந்திரகுப்தா போட்ட செட். பார்த்தால் நம்ப முடியாது. சுவரைவிட வெளிச்சம்தான் அப்படி நம்ப வைக்கிறது.

சந்துக்குள் நெருக்கியடித்து நிற்கும் வீட்டின் முற்றத்தில் நேர் வெயில் அதிகம் விழாது. மேலே தெரியும் சதுர வானத்திலிருந்து வெளிச்சம் பரவலாக இறங்கும். நிழலுக்கு விளிம்பே இருக்காது. அந்தக் காலத்து ஸ்டூடியோ வழக்கப்படி மேலே பரண் கட்டி, லைட்டை நேராக அடித்தால் ஓர் ஆளுக்கு மூன்று நிழல் விழும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழேயிருந்து லைட்டுகளை அந்தத் துணிமேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வானமாகிவிட்டது.

இன்று 12க்கு 12 அடி ஃப்ரேமில் துணி கட்டி இதையே எல்லா யூனிட்டிலும் செய்கிறார்கள். கெட்டுப்போகிற இடங்களும் எல்லா யூனிட்டிலும் ஒன்றுதான். துணி தாழ்ந்துவிட்டால் சுவரின் மேல்பாதி எரியும், தரை மங்கும். துணி பழுப்பேறியிருந்தால் முகமும் பழுப்பேறும். கறுப்பு வெள்ளைக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தொய்வாகக் கட்டினால் மின்விசிறிக் காற்றுக்கே அசைந்து, சுவரில் வெளிச்சம் மூச்சு விடுவது போல் ஏறி இறங்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, ‘முகம் கொஞ்சம் டல்லா இருக்கு சார்’ என்று யாராவது பக்கவாட்டில் ஒரு சின்ன லைட்டைச் சொருகுவது. அந்த ஒரு லைட்டில் முற்றம் வெறும் செட்டாகத் தெரிந்துவிடும். தாழ்வாரம் முற்றத்தைவிட இரண்டு ஸ்டாப் இருட்டாக இருந்தால் இருக்கட்டும். காசி வீடு அப்படித்தான் இருக்கும்.

அடுத்து படிகள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நீர் ஏறிப் பல படித்துறைகளின் கீழ்ப்படிகளை முழுக விடுகிறது. வடிந்த பிறகும் வண்டல் சேறு கிடக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தள்ளவே வாரக்கணக்காகும். நவம்பரில்தான் படிகள் தெளியும். பிறகு மே வரை நீர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். தினமும் அங்கேயே நிற்பவர் கண்ணுக்கு இது தெரியாது. இரண்டு மாதம் கழித்து, விட்டுப்போன ஷாட்டுகளை எடுக்கும் பேட்ச் ஒர்க்குக்கு வருபவருக்குத்தான் தெரியும்: நவம்பரில் கதாநாயகி கால் நனைத்த படிக்கும் நீருக்கும் நடுவே இப்போது சில படிகள் காய்ந்து கிடக்கும். முதல் நாளே, கடைசியாக நனைந்த படியிலிருந்து மேலே ஏதாவது ஒரு மாறாத அடையாளம் வரை படிகளை எண்ணி, படம் எடுத்து, ஷாட்டுக்கு ஷாட் பொருத்தம் பார்க்கும் கன்டினியூட்டி நோட்டில் எழுதிவிட வேண்டும். பேட்ச் ஒர்க்கில் இடுப்புக்கு மேல் ஃப்ரேம் வைத்துத் தப்பிக்கலாம்.

நதியிலிருந்து எடுக்கும் ஷாட்டுக்குக் கேமராவுக்கு ஒரு படகு, நடிகருக்கு ஒரு படகு என்று இரண்டு வேண்டும். ஆளுக்கொரு பக்கம் மிதந்து போகாமல் இரண்டையும் ஃப்ரேமுக்கு வெளியே கயிற்றால் பிணைத்துக்கொள்வார்கள். ஷாட்டின்போது மோட்டார் நிறுத்தியிருக்க வேண்டும். துடுப்புதான்.

பறவைகளும் கணக்கில் வரும். நவம்பரில் வெளிநாட்டிலிருந்து கடற்காகங்கள் வந்து இறங்கும். படகுக்காரர்கள் தீனி போட, அவை வெள்ளையாகச் சுற்றும். கோடை வருமுன் போய்விடும். ஜனவரியில் வைட் ஷாட்டும் ஏப்ரலில் க்ளோஸ் ஷாட்டும் எடுத்தால், ஒரே காட்சியில் பறவைகள் வந்து வந்து மறையும். மூடுபனியும் அப்படித்தான். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சில நாள் பத்து மணி வரை சூரியனே தென்படாது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ரயிலும் விமானமும் தாமதமாகி நடிகர்கள் சேர்ந்து வரும் காம்பினேஷன் தேதி கலைந்துபோகும்.

லாரியும் ஜெனரேட்டரும் கோதௌலியா சந்திப்போடு சரி. அதற்கு அப்புறம் தலைச்சுமையும் படகும்தான். சந்துக்குள் நாலு ஆள் அகலத்துக்கு மேல் இடமில்லை. எதிரே மாடு வந்தால் யூனிட் பின்வாங்கும். பேட்டரியில் எரியும் எல்இடி பேனல்களை மட்டும் எடுத்துப்போவது புத்திசாலித்தனம். அஸ்ஸி படித்துறையிலிருந்து தசாசுவமேதப் படித்துறைக்குச் சாமானைச் சந்து வழியாகச் சுமப்பதைவிடப் படகில் ஏற்றுவது எளிது.

சிதை எரியும் படித்துறைகளான மணிகர்ணிகையிலும் அரிச்சந்திரா கட்டத்திலும் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது. எரிவது யாரோ ஒருவரின் அப்பா. தூரத்திலிருந்து டெலி லென்ஸில் திருடுவதும் அதே தப்புத்தான். சிதை வேண்டுமென்றால் அனுமதி வாங்கி, வேறு கரையில் போட வேண்டும். பாலாவின் ‘நான் கடவுள்’ (2009) மகனைத் தேடி வரும் தமிழ்க் குடும்பத்தின் அச்சத்தோடு காசியைப் பார்க்கிறது: சாம்பலும் புகையும். 2015இல் வந்த நீரஜ் கெய்வானின் ‘மசான்’ உள்ளூர்க்காரன் கண்ணால் பார்க்கிறது. அதில் சிதை எரிப்பது வேலை. படித்துறைச் சிறுவன் காசுக்காக முங்கு நீச்சல் பந்தயத்துக்குப் போகிறான். இளைஞர்கள் ரயில் டிக்கெட் கவுண்டரிலும் பாலிடெக்னிக்கிலும் இருக்கிறார்கள். தொழில்நுட்பத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஆனால் காசிக்காரர் தன் ஊர் என்று ஒப்புக்கொள்வது இரண்டாவதைத்தான் என்பது என் கட்சி.

ஊரே கிடைக்காமல் போவதும் உண்டு. தீபா மேத்தாவின் ‘வாட்டர்’ படத்துக்குக் காசியில் போட்ட செட்டை 2000ஆம் ஆண்டு எதிர்ப்பாளர்கள் உடைத்துக் கங்கையில் வீசினார்கள். சில வருடங்கள் கழித்து இலங்கையில் படித்துறை கட்டி, வேறு பெயரில் ரகசியமாக எடுத்து முடித்தார். படம் 2005இல் வந்தது. செட் போடுபவர்கள் கல்லின் நிறத்துக்கு மெனக்கெடுவார்கள். படி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதலில் திசைகாட்டி வைத்துப் பார்க்க வேண்டும். கிழக்கு பார்க்காத படியில் காசியின் காலை வராது. இப்போது பழைய காலக் கதை எடுப்பவர்களுக்கும் செட்தான் கதி. 2021 டிசம்பரில் திறந்த விசுவநாதர் கோயில் வளாகத்துக்காகக் கோயிலுக்கும் நதிக்கும் இடையிலிருந்த சந்துகள் போய்விட்டன.

கடைசியாகச் சத்தம். ராபர்ட் கார்ட்னரின் ‘ஃபாரஸ்ட் ஆஃப் பிளிஸ்’ (1986) ஒன்றரை மணி நேர ஆவணப்படம். விளக்கக் குரல் கிடையாது, பேச்சுக்கு மொழிபெயர்ப்பும் கிடையாது. துடுப்பு உராய்வது, விறகு பிளப்பது, மணி, நாய். அதிலேயே ஊர் புரிந்துவிடுகிறது. டப்பிங்கை நம்பும் நம் யூனிட்டுகள் ஆம்பியன்ஸ், அதாவது இடத்தின் பின்னணிச் சத்தம், எடுப்பதில்லை. ஒலி சேர்க்கும் தியேட்டரில் ஒலி நூலகத்துக் காக்கையையும் நம் கோயில் மணியையும் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். சவுண்ட் ஆளும் உதவியாளர் ஒருவரும் மட்டும், யூனிட் படித்துறைக்கு வருவதற்கு முன் நாலரைக்குப் போய், படித்துறைக்கு ஐந்து நிமிடமாவது பதிவுசெய்ய வேண்டும். மோட்டார் படகுகள் கிளம்பிவிட்டால் எல்லாவற்றுக்கும் அடியில் அந்த டுபுடுபு ஓடும். பிறகு அதை நீக்க முடியாது.

பதிவின் தொடக்கத்திலேயே இடத்தையும் நேரத்தையும் வாயால் சொல்லிவிடுவது அவசியம். கேதார கட்டத்தில் இது இன்னும் அவசியம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்த அந்தப் படிகளுக்குப் பக்கத்தில்தான் குமரகுருபரர் நிறுவிய மடம். அங்கே நடந்துபோகிறவர்கள் தமிழில் பேசிக்கொண்டு போவது அன்றாடச் சத்தம். குறிப்பு இல்லாமல் வந்தால், யூனிட் ஆள் யாரோ குறுக்கே பேசிவிட்டார் என்று எடிட்டிங் மேசையில் அதை வெட்டிவிடுவார்கள்.