வாடை மழை முழுக்க அடித்தும் நனையாத லொக் தாள்

கடைசியில் ஒரு தாள் காய்ந்து கிடந்தது! ஹப்புத்தளைக்கு மேலே, சவுக்கு மரங்களும் தேயிலையும் முட்டிக்கொள்கிற ஓர் எல்லையில் வைத்திருந்த கேஷ் அது. கேஷ் என்றால் ஜியோகேஷிங் விளையாட்டில் ஒளித்து வைக்கிற பெட்டி; ஜிபிஎஸ் ஆள்கூற்றைப் பிடித்துத் தேடிக் கண்டுபிடிக்கிறவர் உள்ளே இருக்கிற லொக் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு மறுபடி அங்கேயே வைப்பார். ஐப்பசி, கார்த்திகை மழை அடித்து ஓய்ந்த பிறகு போய் மூடியைத் திருகினால், உள்ளே லொக் தாள் சுருட்டி வைத்தபடியே மொடமொடவென்று இருக்கிறது. பென்சிலில் போட்ட தேதிகள்கூட மங்கவில்லை. அதே இடத்தில் முன்பு வைத்த கிளிப் பெட்டிகளிலிருந்து ஒவ்வொரு தடவையும் கூழைத்தான் வழித்து எடுத்திருக்கிறேன். ஆகவே இதைக் கொஞ்சம் பெருமைக்காகவும்தான் எழுதுகிறேன், ஒளிக்கவில்லை.

மலையகத்தில் கேஷ் வைப்பவர்களுக்கு மழை பாதி எதிரி. மீதிப் பாதி வெயில். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் நாலு பக்கமும் கிளிப் போடுகிற சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பனிமூட்டம் விலகி வெயில் ஏறினால் உள்ளே இருக்கிற காற்று சூடாகி விரியும். கொஞ்சம் வளையத்தைத் தாண்டி வெளியே போய்விடும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நம் ஊர் வழக்கப்படி சட்டென்று இருட்டிக்கொண்டு மழை கொட்டும். பெட்டி குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, வெளியே இருப்பதை இழுக்கும். அந்த நேரம் ரப்பர் வளையத்தின் மேல் தேங்கி நிற்பது தண்ணீர். அதைத்தான் இழுக்கும். வெளிநாட்டுக்காரர்கள் "நல்ல பெட்டி வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரே நாளில் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சரி, எவ்வளவு தண்ணீர் போகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 600 மில்லி பெட்டி வெயிலில் 45 பாகை வரை சூடாகி, மழையில் 18 பாகைக்கு இறங்கினால், உள்ளே அழுத்தம் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் குறையும். வளையம் விட்டுக்கொடுத்தால் ஏறத்தாழ 50 மில்லி அளவுக்கு உறிஞ்ச இடமிருக்கிறது. ஒரு பிளேன்டீக் கோப்பையில் பாதி! லொக் தாளுக்கு அதில் பத்திலொரு பங்கு போதும்.

ஆகவே பெட்டியை அப்படியே வாளித் தண்ணீரில் அமுக்கி "குமிழி வரவில்லை, நல்ல பெட்டி" என்று சொல்கிற சோதனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் செய்வது இது: டிஷ்யூ தாளில் ஜெல் பேனையால் அடர்த்தியாகப் புள்ளிகள் குத்தி, பெட்டியின் நாலு மூலையிலும் ஒவ்வொன்று வைத்து மூடுகிறேன். உச்சி வெயிலில் தகரக் கூரையின் மேல் ஒரு மணி நேரம். கையில் பிடிக்க முடியாத சூட்டில் எடுத்து, பீலித் தண்ணீர் நிரம்பிய பீப்பாவுக்குள் போட்டு மேலே ஒரு கல். மறுநாள் திறந்தால் எந்த மூலையில் மை பரவியிருக்கிறதோ அந்த மூலைதான் ஓட்டை. கிளிப் பெட்டிகளில் அநேகமாக இரண்டு கிளிப்புக்கு நடுவே இருக்கிற வளைவில்தான் மை நீலமாகப் பூத்திருக்கும். கிளிப்புக்கு நேர் கீழே சுத்தமாக இருக்கும். மூடி கிளிப் இருக்கும் இடத்தில் மட்டும் இறுகி, மூலையில் மயிரிழை தூக்கிக்கொள்கிறது. விலை கூடிய பெட்டி, விலை குறைந்த பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். விலை கூடியது கொஞ்சம் தாமதமாகத் தோற்கும், அவ்வளவுதான்.

அப்புறம் ஸிப் பை. தாளை ஸிப் பைக்குள் போட்டுப் பெட்டிக்குள் வைப்பது எல்லோருக்கும் பழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். கண்டுபிடிக்கிறவர் அவசரத்தில், அட்டை ஏறிய காலைத் தட்டிக்கொண்டு பெட்டியை மூடுவார். பையின் நுனி வளையத்துக்கு மேல் மடிந்து மாட்டிக்கொள்ளும். அதன் வழியே தண்ணீர் இறங்கும், இறங்கியது பைக்குள்ளேயே தேங்கும், தாள் வெந்து போகும். கூழாகிப்போன என் லொக் தாள்களில் பெரும்பாலானவை இந்தப் பைக்குள் இருந்தவைதான். சிலிக்கா பொட்டலம் போட்டால் சரியாகும் என்பார்கள். பனிமூட்டத்தில் பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் நின்று கதையெழுதுகிற ஆட்கள் இருக்கும்வரை அந்தப் பொட்டலம் சீக்கிரமே நிறைந்துபோய் வெறும் பாரமாகத்தான் கிடக்கும்.

இப்போது வென்றது எது என்றால், சோடாப் போத்தல் ஊதுவதற்கு முன்னால் இருக்குமே, தடித்த சோதனைக் குழாய் மாதிரி, அதுதான். ப்ரீஃபோர்ம். சூடாக்கி ஊதினால்தான் அது போத்தலாகும். ஊதாமல் வைத்தால் சுவர் தடிப்பு, வாய் சிறிது, திருகு மூடி. வட்டமான வாயை ஒரே திருகில் சுற்றிலும் சமமாக இறுக்குகிறது. மூலை என்ற பேச்சே இல்லை. சோடாவின் அழுத்தத்தையே அடக்கி வைக்கிற மூடிக்கு நம் ஊர் வெயிலும் மழையும் ஒரு பொருட்டில்லை. உள்ளே காற்றும் கொஞ்சம்தான், ஆகவே உறிஞ்சுவதும் கொஞ்சம்தான். பீப்பாச் சோதனையில் புள்ளிகள் குத்தியபடியே இருந்தன.

மூடி விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. இந்தக் குழாய்களில் பழைய உயரக் கழுத்து என்று ஒன்று, இப்போது வருகிற குட்டைக் கழுத்து என்று ஒன்று, இரண்டு வகை உண்டு. தொழிலில் 1810, 1881 என்று இலக்கம் சொல்வார்கள். இரண்டின் வாய் அகலமும் ஒன்றுதான் என்பதால் ஒன்றின் மூடி மற்றதில் ஏறுவது போலவே இருக்கும். உயர மூடியைக் குட்டைக் கழுத்தில் போட்டால் கீழ் வளையம் இடித்துக்கொண்டு மேலே இறுகாமல் நிற்கும். கையால் திருகும்போது "இறுகிவிட்டது" என்ற உணர்வு வரும், அது பொய். மூடியும் குழாயும் ஒரே இடத்தில் வாங்குவது நல்லது. தண்ணீர்ப் போத்தல் ஊதுகிற சின்னத் தொழிற்சாலைகளில் கேட்டால் ஒரு கைப்பிடி சும்மாகூடத் தருவார்கள். பண்டாரவளைப் பக்கம் ஓர் இடத்தில் "எதுக்கு?" என்று கேட்டார்கள். விளக்கினேன். "சரி தம்பி, நல்லா வெளயாடுங்க" என்று சிரித்துக்கொண்டே பை நிறையக் கொடுத்தார்கள். கொழும்பில் ஒருவர் இதையே ஜியோகேஷ் சாமான் என்று சொல்லி விலை வைத்து விற்கிறார். வாங்காதீர்கள்.

குழாயை எஸ்லோன் (பிவிசி) பைப் துண்டுக்குள் நுழைத்து, வாய் கீழே பார்க்கிற மாதிரிப் பொருத்தியிருக்கிறேன். வெயில் நேரே படாது, தண்ணீர் மூடியில் தேங்காது. வெளியே மங்கலான பழுப்பு நிறம், மேலே கொஞ்சம் பாசி. குரங்குக்குப் பளபளப்பைக் கண்டால் விடாது, ஆகவே பெயின்ட் மினுங்கக் கூடாது. தாளுக்கு, வெளிநாட்டுக் கூரியர் உறை சில கிழிக்க முடியாத வெள்ளை நாரில் வருமே, அதைப் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டேன். பென்சில் நன்றாகப் பிடிக்கிறது. ஜெல் பேனையைக் கேஷ் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

கேஷ் இருக்கிற இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி எடுப்பதும் இங்கே லேசில்லை. ஆள்கூற்றில் நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 1.85 மீட்டர். ஆனால் ஹப்புத்தளைச் சரிவில் நின்றால் வானத்தில் பாதியை மலையே மறைத்துக்கொள்கிறது. மிச்சத்தை டர்பன்டைன் மரம். பக்கத்தில் ஈரப் பாறைச் சுவர் இருந்தால் சமிக்ஞை அதில் பட்டுத் திரும்பி வந்து அம்புக்குறியைக் கிறுக்காக்கும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் போய் எடுத்துச் சராசரி போடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. போனா, கார்மின் கருவியா என்ற சண்டையில் என் கட்சி எளிது: இரண்டு அலைவரிசை பிடிக்கிற புதிய போன்கள் துல்லியத்தில் கார்மினின் பழைய ஈட்ரெக்ஸை அடித்துவிடும். ஆனால் மழைத்துளி விழுந்த திரையில் விரல் ஒரு பக்கம் போனால் வரைபடம் மறுபக்கம் ஓடும். ஈட்ரெக்ஸில் பொத்தான் இருக்கிறது, டபுள் ஏ பற்றரி இரண்டு போட்டால் நாள் முழுக்க ஓடும். பள்ளத்தில் சிக்னல் தேடியே சாகிற போனை பிளைட் மோடில் போட்டு, சி:ஜியோ என்ற கேஷ் தேடும் செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் அதுவும் தாக்குப்பிடிக்கும்.

161 மீட்டர் விதியையும் சொல்லியாக வேண்டும். இரண்டு கேஷ்களுக்கு நடுவே அந்தளவு நேர்கோட்டுத் தூரம் வேண்டும் என்பது தட்டையான ஊருக்கு நியாயம். நம் தோட்டத்துப் பாதைகள் வளைந்து வளைந்து ஏறும்போது, அரை மணி நேரம் மூச்சிரைக்க நடந்து அடுத்த வளைவுக்குப் போனால் கருவி 90 மீட்டர் என்கிறது. புதிய கேஷைச் சரிபார்த்து அனுமதிக்கிற ரிவியூவரிடம் கெஞ்சிப் பயனில்லை, அவர் பார்ப்பது வரைபடத்தை. நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் புதைக்கவும் கூடாது. வேடிக்கை என்னவென்றால், 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்த பிழையை நிறுத்திய கையோடு, மே 3ஆம் தேதி ஒரிகனில் டேவ் உல்மர் வைத்த, இந்த விளையாட்டின் முதல் கேஷான வாளியே பாதி மண்ணுக்குள் இருந்தது.

நம் பக்கத்துக்கென்று சில விதிகளை நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மரப்பொந்துக்குள் கைவிட வேண்டிய இடத்தில் வைப்பதில்லை. குளவிக்கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைத் தோட்டத்தில் வருஷா வருஷம் பார்க்கிறோம். தண்டவாளம், பாலம் பக்கம் வேண்டாம். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் கேஷ் வைக்கலாமே என்று கேட்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஆள் இல்லாத ஒரு நிமிடத்தைக் கண்டுபிடித்துக் காட்டட்டும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு கேட்பாரற்ற பெட்டி என்றாலே பயம்தான். ஆகவே பைப்பிலிருந்து உருவினால் என் குழாய்கள் நிறமில்லாதவை, உள்ளே தாள் தெரியும். வெளியே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இது விளையாட்டுப் பொருள் என்று ஒட்டியிருக்கிறேன். வைக்கும் முன்பே டிவிஷன் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிடுவேன். கவ்வாத்து நடக்கப்போகிற மலையா என்பதும் அவரிடம்தான் தெரியும். செடியை வெட்டிச் சாய்த்துவிட்டால் மறைவிடம் மொட்டை.

கொழுந்து பறிக்கிற அக்காமாரிடம் எதையும் ஒளிக்க முடியாது. "என்னா தம்பி, நேத்தும் போன தூக்கிப் புடிச்சிக்கிட்டு சுத்துனீங்க, இன்னைக்கும் வந்துட்டீங்க. என்னத்தத் தொலைச்சீங்க?" என்று மேல் வரிசையிலிருந்து ஒரு குரல். காட்டினேன். திருகிப் பார்த்துவிட்டு, "இதுக்கா வெள்ளக்காரவுங்க மானாப்புல்லுக்குள்ள பொரண்டாங்க!" என்றார். இப்போது அவர்தான் அந்தக் கேஷுக்குக் காவல். அட்டைக்குச் சித்தாலேபக் களிம்பைவிடச் சவர்க்காரத்தை முழங்கால் வரை உலரப் பூசுவது நல்லது என்று சொல்லிக்கொடுத்ததும் அவரே. வேலை செய்கிறது.

கண்டதைப் பகிர்வது பற்றி ஒரு முறைப்பாடு. தம்பேதன்னையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறுகிறவர்கள், பீக்கோ டிரெயில் நடக்கிறவர்கள் வழியில் எடுத்துவிட்டு இணையப் பதிவில் "டிஎஃப்டிசி" ("கேஷுக்கு நன்றி" என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நாலெழுத்து போட்டுவிட்டுப் போகிறார்கள். தாள் ஈரமா, மூடி இறுகுகிறதா என்று ஒரு வரி எழுதினால் என்னைப் போன்றவனுக்கு மலை ஏறாமலே தெரியும். கிடைக்கவில்லை என்றாலும் அதைப் பதியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேஷை மறைத்த பாறையைப் பளிச்சென்று படமெடுத்துப் போடாதீர்கள். வேண்டுமானால் திரும்பி நின்று பள்ளத்தாக்கைப் படமெடுங்கள், ஹப்புத்தளையில் அதற்கா பஞ்சம்? தமிழிலும் எழுதலாம், நான் எழுதுகிறேன்.

ஹோர்ட்டன் சமவெளியில் பெட்டியே வைக்கப்போவதில்லை. தேசியப் பூங்கா, வாசலிலேயே பொலித்தீனைப் பறிமுதல் செய்கிறார்கள். அங்கே பொருத்தமானது பெட்டியில்லாத எர்த்கேஷ்; பாறையையும் பள்ளத்தையும் பார்த்துக் கேள்விக்குப் பதில் அனுப்பினால் போதும்.

அதைவிட மண்டையைக் குடைவது இன்னொன்று. பழைய 1:50,000 வரைபடங்களில் இருக்கிற இலங்கைக் கட்டத்துக்கு (கிரிட்) தொடக்கப் புள்ளி பீதுருதாலகால உச்சி. அந்த உச்சியின் இலக்கம் கிழக்கு 200000, வடக்கு 200000; 1999இல் வந்த புதிய கட்டத்தில் இரண்டும் 500000. பழைய கட்டம் ஜிபிஎஸ்ஸுடன் ஒத்துப்போகாத கண்டவளை என்ற பழைய நில அளவை அடிப்படையில் இருப்பதால், அதை நேராக ஜிபிஎஸ் ஆள்கூறாக எடுத்துக்கொண்டால் இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். இதை வைத்து ஒரு புதிர் கேஷ். பழைய கட்ட இலக்கம் மட்டும் கொடுப்பேன், மாற்றுவது உங்கள் பாடு. மாற்றாமல் வருகிறவர் போய்ச் சேரும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை இருந்தால் நன்றாக இருக்கும் என்று இதல்கஸின்னப் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறேன். குழாய் தயார், மூடி தயார், பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. குட்டைக் கழுத்து மூடி மிச்சம் வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கள், அடுத்த போயா லீவுக்குள் வேண்டும்.