சோளகம்

யூலை 4
மேற்படிப்புப் பட்டியல் இன்றும் வரவில்லை.

யூலை 6
ஆச்சியின் வலது பெருவிரலுக்குக் கீழே புண். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க 10 கிராம் நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டேன். "தொட்டனீயே பிள்ளை?" என்று கேட்கிறார். நெடுநாள் சீனி வருத்தம். பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினேன். மடித்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

யூலை 7
துண்டு எழுத எனக்கு இரண்டு நிமிஷம். நெடுந்தீவிலிருந்து அதைக் கொண்டுபோகிறவருக்கு? விடியப் படகு. சோளகக் காற்றில் சத்தி எடுத்தபடி குறிகட்டுவான் இறங்குதுறை. பிறகு பஸ்: புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம். வரிசை. நாளைக்கும் வரச்சொன்னால் யாழ்ப்பாணத்தில் படுக்க ஒரு வீடு வேண்டும், கூடப்போக ஆள் வேண்டும். ஒரு மகன் கனடாவில், மற்றவர் கடலில். ஆடுகளை யார் பார்ப்பது? இதைத்தான் இலவச வைத்தியம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

யூலை 9
அம்மாவின் போன். "குடும்ப வைத்தியமோ? அப்ப கடைசி மட்டும் ஓபிடி டொக்டர்தானோ?" எம்.டி. வரைக்கும் இருக்கு, அதுவும் விசேட வைத்தியம்தான் என்றேன். "எந்த உறுப்புக்கு?" சிரிப்புத்தான் வந்தது. அம்மா மானிப்பாய்க்காரி. 1848 இல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் கிறீன் பிறகு தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தது, படித்தவர்கள் ஊரோடு இருக்க வேண்டும் என்றுதானே என்று கேட்டிருக்கலாம். போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

யூலை 12
அல்மா அட்டாவில் நடந்த உலக சுகாதார மாநாட்டில் 1978 இல் சொன்னார்கள்: 2000 ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் சுகநலம். எங்கள் யாழ்ப்பாண மருத்துவ பீடம் தொடங்கியதும் அதே வருஷம்தான்.
இன்று படகு ஓடவில்லை.

யூலை 13
பின்னேரம் ஆச்சி வீட்டுக்குப் போனேன். பவளக்கல் வேலி, முற்றத்திலும் அதே கல், ஆச்சி வெறுங்காலோடு. இன்சுலின் குப்பி ஈர மணல் போட்ட சட்டிக்குள் இருந்தது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு அது சரிதான். வெள்ளிக்கிழமை விரதம், அன்றைக்கு ஊசி போடுவதில்லையாம். கிளினிக் கொப்பியில் இது ஒரு பக்கத்திலும் இல்லை. சீனி ஏன் இறங்கவில்லை என்று எத்தனை டொக்டர்மார் மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள்! விரதத்தை விடச் சொல்லவில்லை. ஊசியின் அளவை மாற்றிப் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். புண்ணைக் கழுவிக் கட்டினேன்.

யூலை 15
கடல் அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெடியன் ஆச்சியைக் கூட்டிப்போகிறான். ஆடுகள் அவன் தாயிடம்.

யூலை 16
பட்டியல் வந்துவிட்டதாம். இங்கே இன்டர்நெட் சிக்னல் இல்லை, இறங்குதுறைக்குப் போனால்தான் திறக்கும்.
ஆச்சியை வார்ட்டில் மறித்துவிட்டார்களாம். எந்த வார்ட் என்று பெடியனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரவு திரும்பப் போன் எடுக்க வேண்டும்.