பெயர்த்தகடு இல்லாத டம்பர்: இதுவரை தெரிந்தது

வார்விக்‌ஷயரில் ஒரு பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால், முட்புதருக்கு நடுவே ஒரு பழைய டம்பர் நிற்கிறது. அதை யார் செய்தது, எந்தக் காலத்தது என்று கண்டுபிடிப்பதுதான் கோடையிலிருந்து என் சனிக்கிழமை வேலை. பண்ணைக்காரர் அதை "மியூர்-ஹில்" என்கிறார். அவர் அப்பாவும் அப்படித்தான் சொன்னாராம். ஆனால் வண்டியில் ஓர் எழுத்துகூட இல்லை. வாய்வழிப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலத்தில் பிரிட்டனில் மியூர்-ஹில் அவ்வளவு பேர் பெற்ற கம்பெனி. பெரிய டம்பர் எதைப் பார்த்தாலும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

டம்பர் என்றதும் டிப்பர் லாரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இதில் மண் கொட்டும் தொட்டி, அதாவது ஸ்கிப், ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும். அதன் கீழே பெரிய சக்கரங்கள்; இன்ஜினின் இழுவை அவற்றுக்குத்தான் போகும். பின்னால் இன்ஜின், அதன் கீழே சின்னச் சக்கரங்கள்; ஸ்டீயரிங்கைத் திருப்பினால் திரும்புவது இவைதான். பழைய வண்டிகளில் ஸ்கிப்பைக் கவிழ்க்க ஹைட்ராலிக் கிடையாது. ஸ்கிப் நிறைந்திருக்கும்போது எடை முன்பக்கம் சாயும். ஒரு கொக்கிதான் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும். லிவரை இழுத்துக் கொக்கியை விட்டால் தானாகக் கவிழும். காலியானதும் எடை பின்பக்கம் மாறி, ஸ்கிப் தானே திரும்பி வந்து உட்காரும். இவ்வளவு எளிய ஏற்பாட்டை யோசித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஈரக் களிமண் ஒட்டிக்கொண்டால் மட்டும் ஆபத்து. கொட்டவும் கொட்டாது, திரும்பவும் திரும்பாது, எடை முழுக்க முன்னால் தொங்கும். பள்ளத்தின் விளிம்பில் கனமான மரக்கட்டையைத் தடுப்பாகப் போட்டு வைத்தது இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பயந்துதான்.

முதலில் இன்ஜினைப் பார்த்தேன். அது ஃபோர்டு கம்பெனியின் டிராக்டரான ஃபோர்ட்சனுடையது என்பதில் சந்தேகமே இல்லை. ஃபோர்டு அந்த டிராக்டரை முழுசாக மட்டும் விற்கவில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் ஒரே கட்டாக மற்ற கம்பெனிகளுக்கும் கொடுத்தது. அதை வாங்கி மான்செஸ்டரில் மியூர்-ஹில் டம்பரும் சின்ன ரயில் இன்ஜினும் செய்தார்கள். சேஸ்சைடு மண் அள்ளும் இயந்திரம் செய்தது. கவுண்டி கம்பெனி செயின் டிராக்டர் செய்தது. ஆகவே ஃபோர்ட்சன் இன்ஜின் இருப்பதால் மட்டும் இது மியூர்-ஹில் ஆகிவிடாது.

டம்பரில் அந்த டிராக்டர் பின்னோக்கி ஓடுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டிராக்டரின் பின் ஆக்சில் ஸ்கிப்பின் கீழே முன்புறமாகிவிடுகிறது. டிராக்டரின் மூக்கு, ரேடியேட்டர் எல்லாம் வாலாகிவிடுகிறது. எதிரே நின்று பார்த்தால் புரியாது. பின்னால் போய்க் குனிந்து பார்த்தால் ஒரு டிராக்டரின் முகம் நம்மைப் பார்க்கும்.

வயர் பிரஷ் போட்டுத் தேய்த்ததில் இன்ஜின் பிளாக்கில் அடித்திருந்த எண் தெரிந்தது. பத்து லட்சத்துக்கு மேல். 1945 மார்ச்சில் வந்த ஃபோர்ட்சன் E27N மாடலின் எண்கள் 980520-லிருந்து தொடங்குகின்றன. அதற்கு முந்தைய N மாடல் 1929 முதல் 1932 வரை அயர்லாந்தின் கார்க் நகரிலும், 1933 முதல் 1945 வரை லண்டனை ஒட்டிய டேகன்ஹாமிலும் செய்யப்பட்டது. E27N-க்குப் பிறகு 1952 வாக்கில் நியூ மேஜர் வந்துவிட்டது. அதனால் இந்த பிளாக் 1945-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது.

ஆனால் அது பிளாக்கின் வயதுதான். பண்ணைகளில் ஒரு ஃபோர்ட்சன் இன்ஜின் உடைந்தால் அடுத்த பண்ணையில் கிடப்பதைத் தூக்கி மாட்டிவிடுவார்கள். வண்டியின் வயதைச் சொல்ல, யாரும் லேசில் மாற்றாத பாகத்தையும் கேட்க வேண்டும். N மாடலில் பின் ஆக்சிலுக்கு வார்ம் டிரைவ், அதாவது திருகு போன்ற கியர். E27N-இல் அதை எடுத்துவிட்டு பெவல் கியர், அதாவது கூம்பு வடிவப் பல்சக்கரம் வைத்தார்கள். மேல் மூடியைக் கழற்றி, கருத்துக் கட்டியாகிப் போன எண்ணெயை வழித்து எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். சாய்ந்த பற்களோடு பெவல் கிரவுன் வீல் இருந்தது, பற்களில் துரு இல்லை. பிளாக்கும் ஆக்சிலும் ஒரே கதையைச் சொன்னதும் அந்தக் காலக்கணக்கை நம்ப ஆரம்பித்தேன்.

அடுத்தது, செய்தது யார் என்ற கேள்வி. சேஸிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், பக்கவாட்டில் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே நான்கு ரிவெட் துளைகள் இருந்தன. செய்தவரின் பெயர்த்தகட்டை யாரோ பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். பித்தளைத் தகடுகளை மட்டும் சேகரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வண்டி துருப்பிடித்துக் கிடக்க, அதன் பெயரை மட்டும் கழற்றிக்கொண்டு போவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அந்த இடத்தில் உப்புத்தாள் போட்டு மெதுவாகத் தேய்த்தேன். துளைகளுக்கு வெளியே பெயிண்ட் அடுக்கடுக்காக வந்தது: மேலே மஞ்சள், அதன் கீழே சாம்பல், மறுபடி மஞ்சள், கடைசியில் பச்சை, அதற்கும் அடியில் சிவப்பு பிரைமர். துளைகளுக்கு நடுவே உள்ள செவ்வகத்தில் பச்சையும் பிரைமரும் மட்டும். அதாவது பச்சைதான் முதல் நிறம். பின்னால் அடித்த பெயிண்ட் எல்லாம் தகட்டின் மேலேயே அடிக்கப்பட்டிருக்கிறது. எனவே தகடு கடைசி பெயிண்டுக்குப் பிறகுதான் போயிருக்கிறது. பண்ணைக்காரரின் அப்பா அதைப் படித்திருக்க வாய்ப்பு உண்டு என்று தெரிந்ததும், அவர் சொன்ன பெயருக்கு என் மனதில் மதிப்பு கூடியது.

டிரேசிங் தாளை வைத்துத் துளைகளையும் செவ்வகத்தின் ஓரத்தையும் அப்படியே பென்சிலால் எடுத்தேன். வெர்னியர் அளவுகோலால் இடைவெளிகளை அளந்து தாளிலேயே குறித்தேன். லங்காஷயரில் மியூர்-ஹில் டம்பர் ஒன்றைப் பழுதுபார்த்து வைத்திருக்கும் ஒருவருக்கு அதைத் தபாலில் அனுப்பினேன். ஃபோட்டோவாக அனுப்பினால் அளவு மாறிப்போகும், தாள்தான் சரி. அவர் தன் வண்டியின் தகட்டின் மேல் அதை வைத்துப் பார்த்தார். நான்கு துளையும், நான்கு ஓரமும் பொருந்தின. அந்தக் காலத்து மியூர்-ஹில்லைச் செய்தது மான்செஸ்டரின் ஈ. பாய்டெல் கம்பெனி, பின்னாளில் தொழில் குளோஸ்டருக்குப் போய்விட்டது. உங்கள் கையில் உள்ள தகட்டில் குளோஸ்டர் என்று இருந்தால் அது பிந்தைய வண்டி.

உருவத்தை ஒப்பிட எதிர்பாராத ஓர் உதவி கிடைத்தது: பொம்மைகள். லிவர்பூலில் செய்யப்பட்ட டிங்கி பொம்மைகளில் 562-ஆம் எண் மியூர்-ஹில் டம்பர், 1948-இல் வந்தது. மேட்ச்பாக்ஸ் வரிசையிலும் 1953-இல் தொடங்கும்போதே இரண்டாம் எண் ஒரு டம்பர்தான். 1961-இல் அதே எண்ணில் லெய்ங் கம்பெனியின் பெயர் ஒட்டிய மியூர்-ஹில் வந்தது. 1959-இல் திறந்த M1 நெடுஞ்சாலையின் முதல் பெரும் பகுதியைப் போட்ட அதே லெய்ங். பழைய விளம்பரப் படங்கள் பெரும்பாலும் ஒரே பக்கத்தைத்தான் காட்டும்; பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அளவுக்கு அதை நம்பக் கூடாது, பாகங்கள் எங்கே எங்கே உட்காருகின்றன என்பதற்கு நம்பலாம். விளம்பரங்களுக்கு, பிரிட்டிஷ் தொழில் வரலாற்றைத் தொகுக்கும் கிரேஸஸ் கைடு இணையதளம் நல்ல சுரங்கம்.

ஒரு டன் அளவுள்ள சின்ன டம்பர்களை அடையாளம் காண்பது இதைவிடச் சிக்கல். லீமிங்டனில் த்வைட்ஸ், பக்கத்து ஊரான வார்விக்கில் பென்ஃபோர்டு, ரோசெஸ்டரில் விங்கெட், கிரான்தமில் அவெலிங்-பார்ஃபோர்டு என்று ஆளுக்கு ஒன்று செய்தார்கள். ஆனால் இன்ஜின் பெரும்பாலும் லிஸ்டர் அல்லது பெட்டர் (Petter) கம்பெனியுடையது. கியர்பாக்ஸ் பல வண்டிகளில் கவென்ட்ரியின் நியூவேஜ். இன்ஜின் தகட்டைப் பார்த்துவிட்டு "இது லிஸ்டர் டம்பர்" என்று விற்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஸ்கிப்பின் கொக்கியும் சேஸிஸின் வளைவும்தான் செய்தவரின் கையெழுத்து. எடை ஹண்ட்ரட்வெயிட் கணக்கில் (112 பவுண்டு) எழுதியிருந்தால் பெரும்பாலும் மெட்ரிக்குக்கு முந்தைய வண்டி. லூகாஸ் என்ற மின்பாகக் கம்பெனியின் டைனமோ, விளக்கு இருந்தால் அதில் மாதமும் ஆண்டும் அடித்திருப்பார்கள். அதுவும் அந்தப் பாகத்தின் தேதி மட்டுமே. ரோட்டில் ஓடாத வண்டிகளுக்குப் பதிவு எண்ணே இருக்காது, அந்த வழியும் அடைபட்டுவிடும்.

பிரிட்டனில் 1998-இல் வந்த பணிக்கருவி விதிகளின்படி, கவிழும் ஆபத்துள்ள பழைய வண்டிகளுக்கும் ஓட்டுநரைக் காக்கும் ஏற்பாடு வேண்டும். 2002 டிசம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்த விதி உயிர்களைக் காப்பாற்றுகிறது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அதற்குப் பிறகு பழைய டம்பர்களுக்கு மிஞ்சிய இடம் பண்ணையும் பழைய இரும்புக் கடையும்தான்.

இப்போதைக்கு என் நோட்டில் இருப்பது: மியூர்-ஹில், மான்செஸ்டர் காலத்தது, E27N அடிப்படை, முதல் நிறம் பச்சை. வண்டியின் சொந்த வரிசை எண் இன்னும் கிடைக்கவில்லை. சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் அடித்திருக்கலாம் என்று லங்காஷயர்காரர் சொல்கிறார். அது ஸ்கிப்புக்கு நேர் கீழே இருக்கிறது. ஸ்கிப்பைத் தாங்கும் இரண்டு பின்களும் (அச்சாணிகளும்) இறுகிப்போயிருக்கின்றன. டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவைத்திருக்கிறேன். இடப்பக்கத்து அச்சாணி கொஞ்சம் அசைய ஆரம்பித்திருக்கிறது. வலப்பக்கத்தில் கிரீஸ் ஏற்றும் முனை (நிப்பிள்) உடைந்திருப்பதால் அதைத் துளை போட்டு எடுத்துவிட்டுத்தான் ஊற்ற முடியும். இரண்டும் விட்டுக்கொடுத்தால் பண்ணைக்காரரின் லோடரை வைத்து ஸ்கிப்பைத் தூக்கிவிடலாம்.