கொலுசுச் சத்தம் இறங்கி வந்த மலை

கர்நாடகக் கடற்கரையில் இருக்கும் மரவந்தேயில் ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் நெடுஞ்சாலை. அலையைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அம்மாவும் நானும் ஆறு வந்த திசையில், கிழக்கே கொல்லூருக்குப் போனோம்.

மூகாம்பிகை சன்னிதியில் அம்பாளுக்கு முன்னால் இருக்கும் சுயம்பு லிங்கத்தின் நடுவே ஒரு தங்க ரேகை ஓடுகிறது. ஒரு பாதியில் மும்மூர்த்திகள், மறு பாதியில் முப்பெரும் தேவியர் என்பது நம்பிக்கை. அபிஷேக நேரத்தில்தான் அதைப் பார்க்க முடியும். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. அம்பாள் முகத்தைப் பார்த்த பிறகு குறையாகவும் தெரியவில்லை.

அப்புறம் குடஜாத்ரி. கொல்லூர் வரை வந்து இந்த மலைக்குப் போகாமல் திரும்பினால் பாதி தரிசனம்தான் என்பேன். ஆதிசங்கரர் தவமிருந்து அம்பாளைக் கண்டது இங்கே. கேரளத்துக்கு அழைத்தார், “பின்னால் வருகிறேன், திரும்பிப் பார்க்காதே” என்றாளாம். கொல்லூரில் கொலுசுச் சத்தம் நின்றது. சங்கரர் திரும்பிப் பார்த்தார். அவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

சாலை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர், ஜீப்பில்தான் போக வேண்டும். கடைசிப் பகுதி வெறும் செம்மண்ணும் பாறையும். கம்பியை இறுகப் பிடித்தபடி அம்மா லலிதா சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டே வந்தார். ஜீப் நிற்கும் இடத்தில் மூல மூகாம்பிகை கோயில். அதன் அருகே உயரமான ஓர் இரும்புத் தூண். மூகாசுரனை வதைத்த திரிசூலம் என்கிறார்கள். மழையிலும் பனியிலும் நிற்கும் அந்த இரும்பைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

அங்கிருந்து, சங்கரர் தவமிருந்த இடமென்று சொல்லும் சர்வக்ஞ பீடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் போல ஏற்றம். “நீ முன்னால போ, நான் மெதுவா வர்றேன்” என்றார் அம்மா. புல்வெளிச் சரிவு, பள்ளங்களில் மட்டும் அடர்ந்த சோலைக்காடு. ஒரு திருப்பத்தில் மேகம் வந்து மூடியது. முன்னால் பாதை தெரியவில்லை, பின்னால் அம்மா தெரியவில்லை. அவர் செருப்பு கூழாங்கல்லில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றதும் என்னையறியாமல் திரும்பிவிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். சங்கரர் ஏன் திரும்பினார் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குள் இருந்த கேள்வி அந்த இடத்தில் தீர்ந்தது.

1,343 மீட்டர் உயரமுள்ள மலையின் உச்சியில் அந்தப் பீடம் ஒரு சின்னக் கல் மண்டபம், அவ்வளவுதான். ஈரக் கற்களின் இடுக்கில் பாசி, உள்ளே சங்கரர் உருவம். அம்மா வாசற்படியில் நெற்றியை வைத்து வெகுநேரம் எழவில்லை. மேகம் விலகியபோது மேற்கே மலையடுக்குகளுக்கு அப்பால் வெள்ளைக் கோடு போலக் கடல். காலையில் நாங்கள் நின்ற கரை அந்தப் பக்கம்தான்.

இரவு கொல்லூரில் கஷாயத் தீர்த்தம் கொடுத்தார்கள். சங்கரர் உடல்நலம் குன்றியபோது அம்பாளே காய்ச்சிக் கொடுத்தது என்பது ஐதீகம். தொண்டையில் காரம் இறங்கியது. அம்மா உள்ளங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் கேளுடா” என்றார்.