கொழுக்கட்டைப் புல்: வீட்டுக் கொல்லையில் ஒரு சென்ட் கொரங்காடு

காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கம் பேருந்தில் போகும்போது கவனித்திருப்பீர்கள். முள்கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல் மரங்கள், அவற்றின் கீழே முழங்கால் உயரப் புல். அந்த மேய்ச்சல் நிலத்துக்குக் கொரங்காடு என்று பெயர். காங்கேயம் மாடுகள் வளர்வது அங்கேதான். ஆண்டுக்கு 600 மி.மீ. அளவில் பெய்யும் மழையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நிலத்தைத் தாங்குவது கொழுக்கட்டைப் புல். தாவரவியலில் சென்க்ரஸ் சிலியாரிஸ்.

இதை வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது புல்தரைக்கான புல் அல்ல. குத்துக் குத்தாக, இரண்டு மூன்று அடி உயரம் வளரும். வெறுங்காலோடு நடக்கத் தோதுப்படாது. வரப்பு ஓரம், மண் சரியும் மேடு, கிணற்றடியிலிருந்து தள்ளிக் காய்ந்து கிடக்கும் மூலை, இரண்டு ஆடு கட்டியிருக்கும் கொல்லை ஆகியவைதான் இதற்கு ஏற்ற இடங்கள். அங்கே இதை மிஞ்சும் புல் எனக்குத் தெரிந்து இல்லை.

மணல் கலந்த செம்மண்ணில் பிரமாதமாக வரும். சரளை மண்ணிலும் குறை வைக்காது. நீர் தேங்கும் களிமண்ணில் மட்டும் அழுகிவிடும். சந்தேகமாக இருந்தால் ஓரடி ஆழக் குழி வெட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அரையடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு அதன் மேல்தான் நட வேண்டும். மாமரத்தடி நிழலும் ஆகாது. நாள் முழுக்க வெயில் விழ வேண்டும்.

விதை விஷயத்தில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். அறுத்த கையோடு விதைத்தால் முளைக்காது. இந்த விதைக்கு ஆறு முதல் எட்டு மாத உறக்கம் உண்டு. அதனால் வாங்கும்போது விலையை விட, எந்த மாதம் எடுத்த விதை என்று கேட்பது முக்கியம். புது விதைதான் கிடைத்தது என்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து, 48 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். எதற்கும் முன்னால் 50 விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். பத்து நாளில் பத்துகூட முளைக்கவில்லை என்றால் அந்த விதையை இன்னும் சில மாதம் டப்பாவிலேயே விட்டுவிடுங்கள்.

ஏக்கருக்கு 3 கிலோ என்பது வயல் கணக்கு. சென்ட்டுக்கு 30 கிராம் வரும். வீட்டில் எறும்பும் குருவியும் பங்கு கேட்கும் என்பதால் 60 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். விதை பஞ்சுபோல மயிரோடு இருக்கும், கையில் ஒட்டும், காற்றில் பறக்கும். அதன் நாலைந்து பங்கு ஈர மணலோடு பிசறித் தூவினால் சீராக விழும். தூவியபின் மண்ணை அள்ளி மூடக் கூடாது. முள்கிளையை ஒரு தடவை இழுத்துவிட்டு, காலால் மிதித்து அழுத்தினால் போதும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போன விதை பெரும்பாலும் மேலே வராது.

என்னைக் கேட்டால், சிறிய இடத்துக்கு விதையை விட வேர்க்கரணைதான் நல்லது. பழைய குத்து ஒன்றைத் தோண்டி, இரண்டு மூன்று தூர் சேர்ந்தாற்போல் வேரோடு பிரித்து, மேல் இலையை ஒரு சாண் விட்டு நறுக்கிவிடுங்கள். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடி. நூறு சதுர அடிக்கு 65 கரணை பிடிக்கும். சரிவில் மண் பிடிக்க நடுவதானால், சரிவுக்குக் குறுக்கே அரையடிக்கு ஒன்றாக நெருக்கி நடுங்கள்.

புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். நட்ட அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு மழை இல்லாவிட்டால் பத்து நாளுக்கு ஒருமுறை. ஆறு வாரத்தோடு நிறுத்திவிடலாம். வறட்சி தாங்கும் பயிர் என்று முதல் நாளிலிருந்தே காயவிடுவதும் தவறு, பிடித்த பிறகும் தினமும் குழாயைத் திறந்துவிடுவதும் தவறு. வேர் கீழே இறங்காத வரைக்கும் இதுவும் மற்ற நாற்றைப் போலத்தான். இறங்கிய பிறகு மேலே ஈரம் இருந்துகொண்டே இருந்தால் கோரையும் அருகும் புகுந்து குத்துகளை நெருக்கும். முதல் இரண்டு மாதம் களையை, முக்கியமாகப் பார்த்தீனியத்தை, கையால் பிடுங்கிவிடுங்கள். உரத்துக்குச் சென்ட்டுக்கு இரண்டு கூடை ஆட்டுப் புழுக்கை தாராளம்.

முதல் அறுப்பு 70 முதல் 75 நாளில். கதிர் எட்டிப் பார்க்கும் நேரத்தில் அறுத்தால் தாள் இளசாக இருக்கும். கதிர் முற்றினால் தண்டு விறைத்து ஆடு ஒதுக்கிவிடும். தரையை ஒட்டி அறுப்பதுதான் இந்தப் புல்லுக்குச் செய்யக்கூடிய பெரிய கேடு. துளிர்க்கும் கண்கள் அடியில் இருக்கின்றன, அதற்கான சேமிப்பும் அங்கேதான். நான்கு விரற்கடைக்குக் குறையாமல் விட்டு அறுங்கள். ஆட்டை முதல் வருடம் உள்ளே விடவே கூடாது. இளம் குத்தை வேரோடு இழுத்துவிடும். தீவனக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் ஒரு சென்ட்டில் 150 கிலோ பச்சைப் புல்லைத் தாண்டுவது கடினம். ஓர் ஆடு நாளைக்கு நான்கு கிலோ தின்றால் நாற்பது நாள்கூட வராது. மரத்தழைக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியைக் கலந்தால் புரதம் கூடும், மண்ணுக்கும் தழைச்சத்து சேரும். குதிரை வைத்திருப்பவர்கள் இதை மட்டுமே போட வேண்டாம். இதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு எலும்பைக் கெடுக்கும்.

சித்திரையில் குத்து முழுக்க வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள் அதிகம். ஒரு தண்டின் அடியை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே வெளிறிய பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கோடை மழை ஒன்று நன்றாக நனைத்ததும் ஒரு வாரத்துக்குள் துளிர்விடும். நான்கைந்து வருடத்தில் குத்தின் நடுப்பகுதி காய்ந்து வளையம்போல் ஆனால், தோண்டிப் பிரித்து ஓரத்துத் தூர்களை மறுபடி நடுங்கள்.

விதைக்கு விடும் குத்துகளை அறுக்காமல் ஒதுக்கிவையுங்கள். கதிரை விரலுக்கிடையில் உருவும்போது தானாக உதிர்ந்தால் பக்குவம். ஒரே கதிரில் ஒரே நாளில் எல்லாம் பழுக்காது, அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை உருவ வேண்டியிருக்கும். துணிப்பையில் போட்டு, எடுத்த மாதத்தை எழுதிக் கட்டித் தொங்கவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கேட்டால் மட்டும் அனுப்ப வேண்டாம். நம் மண்ணுக்குச் சொந்தமான இதே புல், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் கட்டுக்கடங்காமல் பரவி, காய்ந்த காலத்தில் தீயைச் சுமந்துசென்று அங்கத்திய செடிகளை அழித்துக்கொண்டிருக்கிறது.