இரண்டு ஏஏ செல்லிலிருந்து 5 வோல்ட்: பூஸ்ட் கன்வெர்ட்டர் கட்டிய அனுபவம்

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல் இரண்டைத் தொடராகப் போட்டால் 2.4 வோல்ட். நான் கட்டிக்கொண்டிருக்கும் வெப்பநிலைப் பதிவுக் கருவிக்கு வேண்டியதோ 5 வோல்ட், சுமார் 60 மில்லியாம்பியர். செல்களை நான்காக்கினாலும் 4.8 தான் வரும், பெட்டியும் பெருத்துவிடும். அதனால் வோல்டேஜை ஏற்றித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒன்றைக் கட்டத் தொடங்கினேன்.

முதலில் ஒரு கணக்கு. 5 வோல்ட்டில் 60 மில்லியாம்பியர் என்றால் 0.3 வாட். இழப்பே இல்லையென்றாலும் 2.4 வோல்ட் பேட்டரி 125 மில்லியாம்பியர் கொடுத்தாக வேண்டும். 85 சதவீதத் திறன் என்று வைத்தால் 147. செல்கள் இறங்கி 2.0 வோல்ட்டுக்கு வரும்போது அது 176 ஆகிவிடும். பேட்டரி பலவீனமாகப் பலவீனமாக அதிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்கும் சுற்று இது. ஆகவே வெளியீட்டைவிட உள்ளீட்டுப் பக்கம்தான் இதில் அதிகக் கவனம் கேட்கும். அங்கே ஒயர், செல் ஹோல்டரின் ஸ்பிரிங், இண்டக்டர் (கம்பிச்சுருள்) எதுவும் மெலிந்ததாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் இதையே மறுபடி மறுபடி பார்த்தேன்.

பலரும் எடுப்பது எம்சி34063 ஐசி. பழையது, நம்பகமானது, ஆனால் குறைந்தது 3 வோல்ட் கேட்கும். எம்டி3608 போட்ட சின்ன மாட்யூலுக்குக் குறைந்தபட்சம் 2 வோல்ட். என் செல்கள் காலியாகும் இடமும் அதுதான் என்பதால் விளிம்பில் நிற்க வேண்டியிருக்கும். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, ஐசி தேடுவதற்கு முன் உதிரி பாகங்களை வைத்து ஒரு சுற்றைக் கட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தேன்.

அதில் இருந்தவை 100 மைக்ரோஹென்றி இண்டக்டர், சுவிட்சாக ஒரு லாஜிக் லெவல் மாஸ்ஃபெட், 1என்5819 என்ற வேகமான ஷாட்கி டயோடு, 25 வோல்ட் தாங்கும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். மாஸ்ஃபெட்டின் கட்டுப்பாட்டு முனையான கேட்டை ஆர்டுயினோ பலகை ஓட்டியது. மாஸ்ஃபெட் திறந்து மின்னோட்டத்தை விடும்போது இண்டக்டர் வழியே மின்னோட்டம் ஏறி காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது. மூடும்போது இண்டக்டர் அந்த மின்னோட்டத்தைச் சட்டென விட்டுக்கொடுக்காது. தன் முனையில் வோல்டேஜை உயர்த்தி டயோடு வழியே கெப்பாசிட்டருக்குள் தள்ளுகிறது.

ஆர்டுயினோவின் வழக்கமான பிடபிள்யூஎம் (திறந்து மூடவைக்கும் துடிப்பு) 490 ஹெர்ட்ஸ், இதற்கு ஆகாது. பாதி நேரம் திறந்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 1 மில்லிநொடி ஆகிறது. 2.4 வோல்ட், 100 மைக்ரோஹென்றிக்கு, காகிதக் கணக்கில் மின்னோட்டம் 24 ஆம்பியர் வரை ஏற வேண்டும்! அதற்கு வெகு முன்பே இண்டக்டரின் கோர் செறிவடைந்து (மேலும் காந்தமாக முடியாமல்), அது வெறும் ஒயராகிவிடும். டைமர் 1-ஐ 8 பிட் வேகப் பிடபிள்யூஎம்மில், முழுக் கடிகார வேகத்தில் வைத்தால் 62.5 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். அப்போது திறந்திருக்கும் நேரம் 8 மைக்ரோநொடி, மின்னோட்ட ஏற்றம் 0.19 ஆம்பியர் மட்டுமே.

அப்புறம் வந்ததுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாடப்புத்தகச் சூத்திரப்படி பாதி நேரம் திறந்திருந்தால் வோல்டேஜ் இரண்டு மடங்கு, அதாவது 4.8. 100 ஓம் ரெசிஸ்டரைச் சுமையாகப் போட்டேன், டயோடு இழப்பெல்லாம் போக 4.3-ஐ ஒட்டி வந்தது. வேறெதையும் தொடாமல் சுமையை மட்டும் 1 கிலோஓம் ஆக்கினேன். மீட்டர் 11 வோல்ட் தாண்டியது! ஒவ்வொரு சுழற்சியிலும் இண்டக்டர் தள்ளும் ஆற்றல் அதேதான், வாங்கிக்கொள்ள ஆள் குறைந்துவிட்டது. அதனால் இண்டக்டரின் மின்னோட்டம் சுழற்சி முடிவதற்குள் சுழியத்தைத் தொட்டுவிடுகிறது, இரண்டு மடங்கு என்ற விதியும் அங்கே செல்லாது. அந்த நிலைக்கான சூத்திரம் இழப்பில்லாமல் 5 மடங்கு, 12 வோல்ட் என்கிறது. சுமையே இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பாகம் உடையும்வரை வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். முன்னெச்சரிக்கையாக, 15 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத ஜீனர் டயோடு ஒன்றை வெளியீட்டில் வைத்திருந்தேன். ஃபீட்பேக் (வெளியீட்டைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வது) எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கமும் எனக்குக் காட்டியதில்லை. பூஸ்ட் கட்ட விரும்பும் யாரும் ஐசிக்குப் போகும் முன் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

அதே சுற்றில் ஷாட்கியை எடுத்துவிட்டு 1என்4007 போட்டும் பார்த்தேன். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான டயோடு. மின்னோட்டத்தை நிறுத்திக்கொள்ள அதற்கு மைக்ரோநொடிக் கணக்கில் நேரம் வேண்டும், நம் சுழற்சியே 16 மைக்ரோநொடிதான். வெளியீடு கண்கூடாக இறங்கியது, டயோடு சூடேறியது.

சரி, உண்மையான சுற்றுக்கு எம்சிபி1640 எடுத்தேன். 0.65 வோல்ட்டிலேயே கிளம்பும், 500 கிலோஹெர்ட்ஸில் ஓடும், டயோடுக்குப் பதில் உள்ளேயே மாஸ்ஃபெட் இருக்கிறது. என்னை ஈர்த்தது வேறொரு குணம். சாதாரண பூஸ்ட் சுற்றை அணைத்தாலும் இண்டக்டர், டயோடு வழியே பேட்டரி வெளியீட்டோடு இணைந்தே இருக்கும். சுற்று தூங்கும்போதும் செல் கசிந்துகொண்டிருக்கும். இந்த ஐசி அணைந்தால் அந்தப் பாதையையும் துண்டித்துவிடும். வாங்கும்போது பெயரின் பின்னொட்டைப் பார்த்து வாங்குங்கள். சி, டி வகைகள் அணைந்ததும் உள்ளீட்டை வெளியீட்டுக்கு நேராக அனுப்பிவிடும்.

வெளியீட்டைத் தீர்மானிப்பது இரண்டு ரெசிஸ்டர்கள். ஃபீட்பேக் முனை 1.21 வோல்ட்டில் நிற்கும். மேலே 1 மெகாஓம், கீழே 330 கிலோஓம் போட்டால் 4.88 வரும். என் பலகைக்கு அது தாராளம். இண்டக்டர் 4.7 மைக்ரோஹென்றி. ஐசியின் உச்ச மின்னோட்ட எல்லை சுமார் 0.8 ஆம்பியர் என்பதால் செறிவு மின்னோட்டம் 1 ஆம்பியருக்கு மேல் இருப்பதாகப் பார்த்து எடுத்தேன். அரிசி அளவு இண்டக்டர்களில் மதிப்பு சரியாக இருக்கும், கம்பி மெலிதாக இருக்கும். கொஞ்சம் பெரியதாக எடுப்பதே நல்லது.

500 கிலோஹெர்ட்ஸுக்கு பிரெட்போர்டு வேண்டாம். ஒருபக்கச் செம்புப் பலகையைக் கத்தியால் கீறித் தீவுகளாக்கி, அதில் சாலிடர் செய்தேன். உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் ஐசியின் காலை ஒட்டியே உட்கார்ந்தது. மெகாஓம் ரெசிஸ்டர்கள் மின் இரைச்சலை எளிதில் வாங்கிக்கொள்ளும் என்பதால் ஃபீட்பேக் தடத்தைக் குட்டையாக, இண்டக்டரிலிருந்து தள்ளி வைத்தேன். செராமிக் கெப்பாசிட்டரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 10 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்று எழுதிய மிகச் சிறிய துண்டு, 5 வோல்ட் ஏறியதும் மதிப்பில் பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். எக்ஸ்7ஆர் வகையில், 16 வோல்ட் தாங்கும் பெரிய அளவையே போட்டேன்.

82 ஓம் சுமையில் அளந்தபோது வெளியீடு 4.87 வோல்ட், 59 மில்லியாம்பியர். உள்ளீடு 2.4 வோல்ட்டில் 137 மில்லியாம்பியர், ஆகத் திறன் 88 சதவீதம். உள்ளீட்டு மின்னோட்டத்தை மல்டிமீட்டரைத் தொடராகப் போட்டு அளக்கவில்லை. மீட்டருக்குள்ளேயே கணிசமான வோல்டேஜ் விழுந்து கணக்கைக் கெடுத்துவிடும். 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் குறுக்கே மில்லிவோல்ட்டில் படித்தேன்.

அடுத்து செல்லின் முனைக்கும் ஐசியின் காலுக்கும் இடையே எவ்வளவு விழுகிறது என்று பார்த்தேன். 60 மில்லிவோல்ட்! சுருள் ஸ்பிரிங் வைத்த ஹோல்டரும் மெல்லிய ஒயரும் சேர்ந்து 0.4 ஓமுக்கு மேல். உள்ளே வரும் ஆற்றலில் 2.5 சதவீதம் அங்கேயே சூடாகப் போகிறது. தகடு போன்ற முனை வைத்த ஹோல்டருக்கு மாறி, ஒயரையும் தடிமனாக்கிக் குட்டையாக்கியதும் 15 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியது. இன்னும் திறமையான ஐசி தேடி டேட்டாஷீட்டுகளைப் புரட்டுவதைவிட இது மேலான ஆதாயம்.

வெளியீட்டு வோல்டேஜின் அலைவை ஆசிலோஸ்கோப்பில் பார்க்கும்போது புரோபின் நீண்ட கிரவுண்டு ஒயரைக் கழற்றிவிடுங்கள். அது ஆன்டெனாவாகி, சுற்றில் இல்லாத கூர்முனைகளைக் காட்டும். முனையில் ஸ்பிரிங் கிரவுண்டு போட்டதும் அவை மறைந்தன. சுமை குறையும்போது ஐசி துடிப்புகளைத் தவிர்த்துத் தவிர்த்து ஓடுகிறது. பேட்டரிக்கு நல்லது, ஆனால் அலைவு மெதுவாகவும் பெரிதாகவும் இருக்கிறது. சென்சார் அளவீட்டுக்கு ஆர்டுயினோவின் உள் 1.1 வோல்ட் ஒப்பீட்டு வோல்டேஜைப் பயன்படுத்தி அதைத் தாண்டினேன்.

மீதமிருந்தது செல்களின் பாதுகாப்பு. ஒருமுறை கிளம்பிவிட்டால் இந்த ஐசி 0.35 வோல்ட் வரை உறிஞ்சும். தொடரில் உள்ள இரண்டு செல்லில் பலவீனமானது முதலில் காலியாகி, மற்றது அதைத் தலைகீழாக மின்னேற்றத் தொடங்கும். நிக்கல் செல்லுக்கு அது கெடுதல். அதனால் ஐசியை இயக்கி அணைக்கும் எனேபிள் முனையை 1 மெகாஓமில் கிரவுண்டுக்கு இழுத்து வைத்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் பேட்டரி அந்த முனையை உயர்த்துகிறது. மைக்ரோகன்ட்ரோலர் விழித்ததும் ஒரு சிறு ஷாட்கி வழியே அதைத் தானே பிடித்துக்கொள்கிறது. சுமையோடு பேட்டரி தொடர்ந்து சில அளவீடுகளில் 2.0 வோல்ட்டுக்குக் கீழே தெரிந்தால், பதிவை எழுதி முடித்துப் பிடியை விடுகிறது. ஐசி அணைகிறது, எல்லாமே துண்டிக்கப்படுகிறது.

அடுத்ததாக ஒரே செல்லில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். 1.1 வோல்ட்டில், 80 சதவீதத் திறனில் 0.33 ஆம்பியர் வரை இழுக்கும். செம்புத் தடங்களை அகலமாக்கி, ஹோல்டரைப் பலகையிலேயே சாலிடர் செய்யும் வரைபடம் பாதி முடிந்திருக்கிறது.