மாமாவின் சிவப்புப் பூட்டு

மாமா போய் ஒன்றரை மாதம் ஆகிறது. அவருடைய பட்டறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நேற்றுதான் திறக்க மனம் வந்தது.

உள்ளே அதே ஆளிவிதை எண்ணெய் வாசனை. சுவரில் அதே பலகை. ஒவ்வொரு உளிக்கும் சுத்தியலுக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கோடாக வரைந்து வைத்திருப்பார். ஒன்று இடத்தில் இல்லாவிட்டாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். ராணுவத்தில் பதினேழு ஆண்டு வண்டி பழுது பார்த்தவர். என்ஜினை மூடும் முன் கருவிகளை எண்ணியாக வேண்டும், ஒரு ஸ்பானர் குறைந்தாலும் வண்டி நகராது. போரைப் பற்றி எப்போது கேட்டாலும் இந்த ஸ்பானர் கதையைத்தான் சொல்வார். மற்றதைச் சொன்னதே இல்லை.

அப்புறம் ஒரு ரசாயன ஆலையில் இருபத்திரண்டு ஆண்டு பாதுகாப்பு அதிகாரி. தொட்டிக்குள் ஆள் இறங்கும் நாளில் வாயு அளக்கும் கருவியோடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யார் அவசரப்படுத்தினாலும் இறங்க விடமாட்டார். தொட்டிக்குள் ஆக்சிஜனை விரட்டிவிட்டு நிறைந்திருக்கும் நைட்ரஜனுக்கு மணம் கிடையாது, மூச்சு முட்டுகிற உணர்வும் வராது, ஆள் அப்படியே சுருண்டு விழுவான் என்பார். விழுந்தவனைத் தூக்க மூச்சுக் கருவி இல்லாமல் குதிக்கிறவனும் விழுவான். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உயரும்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அவர் கடைந்த மரக்கிண்ணத்துக்கு எண்ணெய் தேய்த்துக் கொடுத்தேன். துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன். மாலையில் கூப்பிட்டார். திட்டவில்லை. கூடையிலிருந்த துணி உருண்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெதுவெதுவென்று இருந்தது. "யாருடா அடுப்பு மூட்டினது?" என்று கேட்டார். ஆளிவிதை எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூடு கிளப்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பிடிக்கும். அந்தத் துணியைப் பிரித்து, வெளியே கம்பியில் மடிப்பில்லாமல் விரித்துப் போட வைத்தார். இன்றும் எண்ணெய்த் துணியைக் கண்டால் என் கை தானாகப் பிரிக்கிறது.

அவரை மிகவும் பாதித்த விபத்து பைப்பர் ஆல்ஃபா. 1988 ஜூலை 6, வட கடலில் ஓர் எண்ணெய் மேடை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றி, அந்த இடத்தைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். அந்த விவரம் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டிவிட்டார்கள். தகடு வழியே கசிந்தது வெடித்துத் தீப்பிடித்தது. 167 பேர் இறந்தார்கள். "காகிதம் இருந்ததுடா. பார்க்க வேண்டியவன் கண்ணில் படலை" என்பார்.

அதனால்தானோ என்னவோ, வீட்டுப் பட்டறையிலும் பாதியில் நிற்கிற எந்த வேலையிலும் ஓர் அட்டை தொங்கும். என்ன வேலை, எதுவரை முடிந்தது, தேதி, கையெழுத்து. அந்த இடத்தில் வேலை செய்தது அவர் ஒருவர்தான் என்றாலும்.

நேற்று கடைசல் இயந்திரத்தின் மெயின் சுவிட்சில் அவருடைய சிவப்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கூடவே அட்டை: "பேரிங் மாற்ற வேண்டும். பெல்ட் கழற்றியிருக்கிறது." எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.

பழுது பார்க்கும்போது வேறு யாரும் தெரியாமல் இயந்திரத்தை ஓட்டிவிடாதபடி சுவிட்சைப் பூட்டி வைப்பார்கள். பூட்டியவர்தான் திறக்க வேண்டும் என்பது அவர் தொழிலின் விதி. அவர் வர முடியாதபோது, வளாகத்தில் இல்லை என்று நேரில் பார்த்து உறுதி செய்து, தொடர்புகொள்ளவும் முயன்ற பிறகே மேலதிகாரி அதை அகற்றலாம். ஆலையில் எத்தனையோ பேருக்கு அவரே இதைக் கற்றுக்கொடுத்தார்.

பட்டறைச் சாவிக்கொத்திலேயே அந்தச் சின்னச் சாவியும் இருந்தது. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். திறக்கவில்லை. பேரிங் வாங்கி வந்து, முதலில் என் பூட்டைப் போட்டுவிட்டு, அதன்பிறகு அவருடையதைக் கழற்றப் போகிறேன்.